ஈமுக் கோழி முதல் கிரிப்டோ நாணயம் வரை: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் முதலீட்டு மோசடிகளும் வைப்பீட்டாளர் பாதுகாப்பும்

மிக அதிக வட்டியோ லாபமோ தருவதாக வாக்களித்துப் பொதுமக்களிடம் பணம் திரட்டி, புதிதாகச் சேர்பவர்களின் பணத்தையே பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்து, புதியவர்கள் வருவது குறைந்ததும் முடங்கிப்போகும் திட்டங்கள் முதலீட்டு மோசடிகள் எனப்படுகின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய ஈரோடு, திருப்பூர் பகுதிகளும் கடந்த முப்பது ஆண்டுகளில் இத்தகைய மோசடிகளைப் பல வடிவங்களில் கண்டுள்ளன. நிதி நிறுவனம், அந்நியச் செலாவணி வணிகம், ஈமுக் கோழிப் பண்ணை, அறக்கட்டளை, கிரிப்டோ நாணயம் என்று பெயர்கள் மாறினாலும் பணம் சுழலும் முறை பெரிதாக மாறவில்லை. மாறியது, பறிபோன பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான். அந்த மாற்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கான பாதுகாப்பையும் மாற்றியிருக்கிறது.

வட்டாரத்தின் பணப் புழக்கம்

சேலத்தின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள், கைத்தறிகள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள். நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகள், லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள் என இவ்வட்டாரத் தொழில்கள் பெரும்பாலும் சிறு முதலாளிகளின் கையில் உள்ளவை. இவற்றுக்கு அன்றாடம் கைப்பணம் தேவைப்படும். வங்கிக் கடன் கிடைக்கக் காலதாமதமாகும் நேரங்களில் ஏலச்சீட்டும் பங்காளிகள் கூடி நடத்தும் பைனான்சும் அந்த இடத்தை நிரப்பின.

ஒழுங்காக நடக்கும் சீட்டின் கணக்கு எளிது. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டினால் ஒவ்வொரு மாதமும் ஒரு லட்சம் ரூபாய் சேரும். அவசரத் தேவை உள்ளவர் ஒரு பகுதியைத் தள்ளுத்தொகையாக விட்டுக்கொடுத்து எடுத்துக்கொள்வார். அந்தத் தொகையில் நடத்துநரின் கமிஷன் போக மீதி மற்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். ஒருவரின் லாபம் யார் விட்டுக்கொடுத்ததிலிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சீட்டுகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1961-இலேயே தனிச் சட்டம் இயற்றியது; மத்திய அரசின் சீட்டு நிதிச் சட்டம் 1982-இல் வந்தது. இப்படி அறிமுகமானவர்களிடையே பல தலைமுறையாக வளர்ந்த நம்பிக்கையைத்தான் பின்னாளில் வந்த மோசடித் திட்டங்கள் தமக்குப் பயன்படுத்திக்கொண்டன.

முன்னோடிகள்

சேமிப்பைப் பறிகொடுக்கும் துயரம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. தென்னிந்தியா முழுவதும் ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மறைந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வைப்புதாரர்களுக்கோ முழுப் பணமும் திரும்பவில்லை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 1907-இல் தொடங்கப்பட்ட இந்தியன் வங்கி.

இன்று இத்தகைய மோசடிகளைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் ‘பொன்சி’ என்ற சொல் 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோன்றியது. சார்லஸ் பொன்சி என்பவர், வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை மலிவாக வாங்கி மாற்றுவதாகச் சொல்லி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாக அறிவித்தார். கூப்பன் வணிகம் உண்மையில் பெயரளவுக்கே நடந்தது. பின்னால் வந்தவர்களின் பணம் முன்னால் வந்தவர்களுக்குப் போனது. சில மாதங்களிலேயே எல்லாம் சரிந்தது.

1997-ஆம் ஆண்டுச் சட்டம்

1990-களில் தமிழ்நாட்டில் தனியார் நிதி நிறுவனங்கள் பெருகின. ஓய்வுபெற்றோரின் பணிக்கொடையும் பெண்களின் நகைச் சேமிப்பும் அவற்றுக்குப் போயின. நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது அன்றைய சட்டங்களின் குறை வெளிப்பட்டது. மோசடிக்காரரைச் சிறையில் அடைக்க முடிந்தது; ஆனால் வழக்கு முடிவதற்குள் அவருடைய நிலமும் கட்டிடமும் உறவினர் பெயருக்கு மாறிவிட்டன.

இந்தக் குறையைப் போக்கத் தமிழ்நாடு அரசு 1997-இல் வைப்பீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. செய்தித்தாள்களில் இது ‘டான்பிட்’ சட்டம் என்றே குறிக்கப்படுகிறது. சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து செயல்படத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இச்சட்டத்தின் முக்கிய கூறுகள் இவை:

• வாக்களித்தபடி வைப்புத்தொகையைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்துகளையும், அதை நடத்துபவர்களின் சொத்துகளையும் அரசு உடனடியாக முடக்கலாம்.

• முடக்கப்பட்ட சொத்து, அரசு நியமிக்கும் தகுதி வாய்ந்த அதிகாரியின் பொறுப்பில் வரும். நீதிமன்ற ஆணைக்குப் பின் அது விற்கப்பட்டு, தொகை வைப்பீட்டாளர்களுக்குப் பகிர்ந்து தரப்படும்.

• ஏமாற்றும் நோக்கத்துடன் பிறர் பெயருக்கு மாற்றப்பட்ட சொத்தையும் விரட்டிப் பிடிக்க வழி உண்டு.

• குற்றத்தை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் உண்டு. பொறுப்பாளர்களுக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

வழக்குகளைப் புலனாய்வு செய்யும் பணி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவிடம் தரப்பட்டது. நிதி நிறுவனங்களைப் பற்றி மாநில அரசு சட்டம் இயற்ற முடியுமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குச் சென்றது. இதேபோன்ற மராட்டிய மாநிலச் சட்டத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2005-இல் செல்லாது என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றது. 2011 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றமும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஈமுக் கோழித் திட்டம்

சட்டம் உறுதியான மறு ஆண்டே அதற்குப் பெரிய சோதனை வந்தது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு தொடங்கிய ஈமுக் கோழி முதலீட்டுத் திட்டங்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் பரவின. ஈமு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பறக்காத பறவை. அதன் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் தோலுக்கும் வெளிநாடுகளில் பெரும் விலை உண்டு என்று விளம்பரம் செய்யப்பட்டது. திரைப்பட நடிகர்களும் அந்த விளம்பரங்களில் தோன்றினர்.

இத்திட்டம் இங்கே எளிதில் நம்பப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கறிக்கோழி வளர்ப்பில் ஒப்பந்த முறை இவ்வட்டார விவசாயிகளுக்கு நன்கு பழக்கமானது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் தருவார். வளர்ந்த கோழியை நிறுவனம் எடுத்துக்கொண்டு வளர்ப்புக் கூலி கொடுக்கும். ஈமுத் திட்டம் பார்வைக்கு இதைப் போலவே இருந்தது. ஆனால் பணம் எதிர்த் திசையில் ஓடியது. கறிக்கோழி ஒப்பந்தத்தில் விவசாயி நிறுவனத்திடம் முதலீட்டுப் பணம் கட்டுவதில்லை. நிறுவனத்தின் வருமானம் கோழியைச் சந்தையில் விற்பதிலிருந்து வருகிறது. ஈமுவில் விவசாயி முதலில் லட்சக்கணக்கில் வைப்புத்தொகை கட்டினார். பறவையை வாங்கி உண்ணும் சந்தை இங்கே இல்லை. குஞ்சுகளை வாங்க அடுத்த முதலீட்டாளர் வருவதுதான் ஒரே சந்தையாக இருந்தது.

பெருந்துறை சுசி ஈமு பார்ம்ஸ் நிறுவனம் விளம்பரப்படுத்திய திட்டத்தில், ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகளும் தீவனமும் தரப்படும். பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாயும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனசும் கிடைக்கும். ஒப்பந்த முடிவில் முதலும் திரும்பும். கூட்டிப் பார்த்தால் ஆண்டு வருவாய் 92,000 ரூபாய், அதாவது முதலில் 61 சதவீதம். வங்கிகள் நிரந்தர வைப்புக்கு ஒன்பது சதவீத அளவில் வட்டி தந்த காலம் அது.

2012 ஆகஸ்டில் தவணைகள் நின்றன. உரிமையாளர்கள் தலைமறைவாயினர். பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் தீவனமின்றி நின்றன. அவற்றுக்குத் தீவனம் அளிக்கும் பொறுப்பைக் கால்நடைத்துறையே ஏற்க நேர்ந்தது. சொத்து முடக்கச் சட்டத்தின் வரம்பு இங்கே தெரிந்தது. நிலத்தை முடக்கினால் அது விற்கும்வரை அப்படியே இருக்கும். பறவையை முடக்கினால் அதற்கு நாள்தோறும் இரை வேண்டும். நாளாக நாளாக அதன் மதிப்பு குறையும். பின்வந்த ஆண்டுகளில் கோவை டான்பிட் நீதிமன்றம் ஈமு நிறுவன உரிமையாளர்கள் பலருக்குப் பத்தாண்டுச் சிறையும் பெருந்தொகை அபராதமும் விதித்தது. ஆனால் திட்டத்தில் சேர்ந்தவர்கள் கட்டிய பணத்துக்கு ஈடான சொத்து கைக்கு வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

ஈமுவுக்குச் சில ஆண்டுகள் முன்பே திருப்பூரில் வேறு வகை மோசடி நடந்திருந்தது. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் பாசி என்ற நிறுவனம், வெளிநாட்டு நாணயங்களை இணையத்தில் வாங்கி விற்று லாபம் ஈட்டுவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. ஏமாற்றப்பட்ட தொகை 930 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. 2022 ஆகஸ்டில் கோவை டான்பிட் நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. தவறு நடந்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதில் முதலீட்டாளர் தொட்டுப் பார்க்கக் குஞ்சோ கொட்டகையோ கிடையாது. கணினித் திரையில் தெரியும் எண் மட்டுமே இருந்தது. கிரிப்டோ மோசடி இதன் அடுத்த கட்டம் எனலாம்.

கிரிப்டோ நாணயமும் மோசடியும்

பிட்காயின் என்ற முதல் கிரிப்டோ நாணயம் 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. எந்த அரசோ வங்கியோ இல்லாமல், ‘பிளாக்செயின்’ எனப்படும் பொதுப் பேரேட்டில் பரிமாற்றங்களைப் பதிவு செய்யும் முறை அது. தொழில்நுட்பம் வேறு, அதன் பெயரால் நடக்கும் மோசடி வேறு என்பதை மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். 2014-இல் பல்கேரியாவிலிருந்து தொடங்கிய ‘ஒன்காயின்’ திட்டத்துக்கு உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. இந்தியாவில் 2015 முதல் பரவிய ‘கெயின்பிட்காயின்’, பதினெட்டு மாதங்களுக்கு மாதம் பத்து சதவீத லாபம் என்று வாக்களித்தது.

இன்றைய கிரிப்டோ மோசடி பெரும்பாலும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் தொடங்குகிறது. அறிமுகமில்லாத ஒருவர் நட்பாகப் பேசுவார். ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார். முதலில் கட்டும் சிறு தொகைக்கு லாபம் வந்ததாகத் திரையில் தெரியும். அதில் கொஞ்சம் எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை வந்தபின் பெருந்தொகை கட்டியதும் பணத்தை எடுக்க முடியாது. வரி கட்டினால்தான் எடுக்கலாம், கணக்கைத் திறக்கக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று மேலும் கேட்பார்கள். கட்டிய பணம் வாடகைக்கு எடுத்த பிறர் வங்கிக் கணக்குகள் வழியாகச் சில நிமிடங்களில் பிரிந்து, டாலர் மதிப்பையொட்டிய ‘டெதர்’ போன்ற நாணயமாக மாறி, நாட்டைக் கடந்துவிடுகிறது.

இந்த மோசடிகள் பல மியான்மர், கம்போடியா நாடுகளிலுள்ள அடைப்பு முகாம்களிலிருந்து நடத்தப்படுகின்றன. கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு அங்கே அடைத்துவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். தொலைபேசியின் மறுமுனையில் பேசுபவரும் சில வேளைகளில் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம்.

நாள்தோறும் ஒரு சதவீத லாபம் என்பது சிறு தொகையாகத் தோன்றும். கூட்டு வட்டியில் கணக்கிட்டால் ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் 37 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும்; இரண்டாம் ஆண்டு முடிவில் 14 கோடியைத் தாண்டும். எந்த நேர்மையான தொழிலும் இந்த வேகத்தில் வளர்வதில்லை. எட்டாம் வகுப்பில் கற்கும் கூட்டு வட்டிச் சூத்திரமே இத்தகைய அறிவிப்புகளைச் சோதிக்கப் போதும்.

மாறிவரும் சட்டம்

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில், கிரிப்டோ வணிகர்களுக்குச் சேவை செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அந்த ஆணையை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் கிரிப்டோ பரிமாற்றகங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவை மத்திய நிதிப் புலனாய்வு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வரி வாங்குவதாலோ பதிவு இருப்பதாலோ முதலீட்டுக்கு அரசு உத்தரவாதம் அளித்ததாக ஆகாது. மோசடி முகவர்கள் இதைத் திரித்துச் சொல்வதுண்டு.

முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணம் திரும்பாதபோதே குற்றம் உருவாகும். 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ, அனுமதியின்றி வைப்புத்தொகை திரட்டுவதையே குற்றமாக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, குற்றத்தின் வழியே வந்த சொத்தை முடக்கிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வழிசெய்கிறது.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. அதன்பின் முடக்கப்பட்ட தம் நாணயங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கு அது. கண்ணால் காண முடியாவிட்டாலும் ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடிய பொருள் என்பதால் அது சொத்து என்று நீதிமன்றம் கருதியது. சொத்து என்றான பிறகு, அதை முடக்கவும் உரியவரிடம் திருப்பவும் சட்ட அடிப்படை வலுப்படுகிறது.

கிரிப்டோவில் இழந்தது ஒருபோதும் திரும்பாது என்று சொல்வதற்கில்லை. பிளாக்செயின் பேரேட்டில் ஒவ்வொரு நகர்வும் அழியாமல் இருக்கும். நாணயம் பதிவு பெற்ற பரிமாற்றகம் ஒன்றுக்கு வந்து பணமாக மாறும்போது உரியவரின் அடையாளம் தெரியக்கூடும். ‘பிட்கனெக்ட்’ மோசடியில் அமெரிக்க அரசு கைப்பற்றிய நாணயங்களிலிருந்து, ஏறத்தாழ நாற்பது நாடுகளைச் சேர்ந்த சுமார் 800 பேருக்கு 1.7 கோடி டாலர் வழங்க 2023 ஜனவரியில் அந்நாட்டு நீதிமன்றம் ஆணையிட்டது.

புகார் தரத் தயங்குவது ஏன்?

சட்டம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் புகார் வந்தால்தான் அது இயங்கும். 2025 ஜனவரியில் சேலம் அம்மாப்பேட்டையில், கட்டும் பணத்துக்குப் பெரும் லாபம் தருவதாகச் சொல்லித் திருமண மண்டபத்தில் வசூல் நடத்திய ஓர் அறக்கட்டளையைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனையிட்டது. பன்னிரண்டு கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமும் நகைகளும் கைப்பற்றப்பட்டன. சோதனைக்குச் சென்ற காவலர்களை அங்கிருந்தவர்களே தாக்கினர். பணம் கட்டியவர்களைப் பொறுத்தவரை, திட்டம் தொடர்ந்து நடந்தால்தான் தங்கள் தவணை வரும். காவல்துறை வந்தால் அது நின்றுவிடும். மோசடி நடத்துபவர்களுக்கு இந்த எண்ணமே பெரும் அரண்.

வேறு தடைகளும் உண்டு. சேர்த்துவிட்ட முகவர் பெரும்பாலும் மாமனோ மச்சானோ, உடன் வேலை செய்பவரோ ஆக இருப்பார். வீட்டுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். படித்தவர் ஏமாறலாமா என்ற ஏளனம் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் வாய்மூட வைக்கிறது. ஏமாந்தவரைக் கேலி செய்யும் ஊரில் புகார் தாமதமாகும். அந்தத் தாமதத்தின் பலன் மோசடிக்காரருக்கே போய்ச் சேரும்.

பாதிக்கப்பட்டவர்கள் செய்ய வேண்டியவை

1. இணைய வழியில் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2021-இல் வேறு எண்ணில் தொடங்கிய இந்த மத்திய உதவிச் சேவை, பணம் சென்ற வங்கிக் கணக்குகளுக்குத் தகவல் அனுப்பி, அங்கே மிச்சமிருக்கும் தொகையை நிறுத்திவைக்கச் செய்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பது மிகவும் நல்லது.

2. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் எழுத்துப் புகார் பதிய வேண்டும். பரிமாற்ற எண், கணக்கு எண், நாணயம் அனுப்பிய வாலட் முகவரி ஆகியவை முக்கியம். உரையாடல்களையும் செயலியையும் அழிக்கக் கூடாது.

3. அலுவலகம் வைத்து, முகவர்கள் மூலம் வைப்புத்தொகை திரட்டிய நிறுவனமானால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தர வேண்டும். முடக்கிய சொத்து பகிரப்படும்போது, புகார் தந்து தம் தொகையை நிரூபித்தவர்களே பங்கு பெற இயலும்.

4. பணத்தை எடுத்துத் தருவதற்காக மேலும் பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. இழந்ததை மீட்டுத் தருவதாக இணையத்தில் அணுகுபவர்களும் பெரும்பாலும் இரண்டாம் முறை ஏமாற்ற வருபவர்களே.

5. பணம் கட்டுவதற்கு முன், நிறுவனத்துக்கு வைப்புத்தொகை வாங்க அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். சந்தேகமான திட்டங்களைப் பற்றி அங்கேயே தகவலும் தரலாம்.

6. கமிஷனுக்காகத் தம் வங்கிக் கணக்கைப் பிறருக்குப் பயன்படுத்தத் தரும் மாணவர்களும் வழக்கில் சிக்குகிறார்கள். கணக்குப் புத்தகம், ஏடிஎம் அட்டை, சிம் அட்டை ஆகியவற்றை யாருக்கும் வாடகைக்குத் தரக் கூடாது.

வரலாறு காட்டுவது

1997-இல் சட்டம் இயற்றியவர்களின் கண்முன் இருந்தது நிலம், கட்டிடம், வாகனம். ஈமுக் காலத்தில் முடக்கிய பொருள் தீவனமின்றி மெலிந்தது. கிரிப்டோ காலத்தில், முடக்க வேண்டிய பொருள் சில நிமிடங்களில் எல்லை கடந்துவிடுகிறது. சொத்தைத் தேடிப் பிடிப்பதைவிடப் பணம் வெளியேறுமுன் நிறுத்துவதே இன்று பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் மெய்யான பாதுகாப்பு. அதற்குக் காவல்துறையும் வங்கியும் விரைந்து செயல்பட வேண்டும். அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தருவது, ஏமாந்ததை அன்றே சொல்லிவிடும் துணிவும், சொல்பவரைக் குறை கூறாமல் 1930-ஐ அழைக்க உதவும் வீட்டாரும்தான்.